இரண்டாவது பெட்டி

வாய்வரை கொண்டுபோன கவளத்தை அண்ணன் தட்டிலேயே திருப்பி வைத்தாரே, அங்கேதான் போன வாரம் அவரை விட்டுவிட்டு வந்தோம்.

போனில் ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டர் அம்மா சொன்னது இவ்வளவுதான். "ஒரு கிட்னி வந்திருக்கு. நீங்க ரெண்டாவது ஆள். முதல் ஆளுக்குச் சரிப்பட்டு வரலேன்னாதான் உங்களுக்கு. ஆனா தயாரா இருக்கணும். எதுவும் சாப்பிடாம, தண்ணி கூடக் குடிக்காம உடனே கிளம்பி வாங்க."

தண்ணீர் குடிக்காதே என்று அண்ணனிடம் சொல்வது மீனிடம் நனையாதே என்று சொல்வது போல அல்ல. மூன்று வருஷமாக டயாலிசிஸில் இருப்பவர். ஒரு நாளைக்கு எத்தனை மடக்கு என்று அளந்து குடிக்கப் பழகியவர். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் அவர். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் இப்போதும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச், கிளட்ச்" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அண்ணி கணக்கு டீச்சர். தன் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று முதலில் முன்வந்தது அவள்தான். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர்கள் தள்ளிவிட்டார்கள். அடுத்து அண்ணனின் தங்கை கேட்டுப் பார்த்தாள். அவள் ரத்தப் பிரிவு சேரவில்லை. மிச்சமிருந்தது காத்திருப்போர் பட்டியல்.

அந்தத் தங்கை வேலை பார்ப்பது அதே ஆஸ்பத்திரியில்தான். அதிலும், தானமாக வரும் சிறுநீரகங்களைப் பொருத்தும் நேரம்வரை கெடாமல் காக்கிற அறையிலேயே. "உள்ளேயே ஆள் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று அண்ணி ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டுவிட்டாள். பட்டியலில் யாரும் கைவைக்க முடியாது என்று தங்கை சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து இருவரும் தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொண்டார்கள்.

இன்று தேவை வந்துவிட்டது.

"உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துக்கிட்டிருக்கோம்" என்றாள் அண்ணி போனில். பின்னணியில் ஆட்டோ இரைந்தது. "ஒரு கிட்னி வந்திருக்காமே. உனக்குத் தெரியுமா?"

தங்கை தன் முன்னால் இருந்த இயந்திரத்தைப் பார்த்தாள். அதன் கண்ணாடி மூடிக்குக் கீழே, குளிர்ந்த திரவத்துக்கு நடுவில், மெல்லிய வலைத்தொட்டிலில் ஒரு சிறுநீரகம் கிடந்தது. விடியற்காலையில் அவளே அதன் ரத்தக்குழாயைக் குழலோடு சேர்த்துப் பூட்டியிருந்தாள். பம்ப் சின்னச் சின்னத் துடிப்பாகத் திரவத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

"தெரியும் அண்ணி. வாங்க" என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள்.

அந்த அறையில் யாரும் யாருடையது என்று கேட்பதில்லை. பெட்டியின் மேல் ஓர் எண் இருக்கும், ரத்தப் பிரிவு இருக்கும். எங்கோ ஒரு வீட்டில் இன்று யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும். அதேபோல் யாருக்குப் போகிறது என்றும் கேட்பதில்லை. ஏழு வருஷத்தில் முதல் முறையாக இன்று அது தெரிந்துவிட்டது.

கையுறையைக் கழற்றிவிட்டு நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள்.

"டாக்டர், இதுக்கு ரெண்டாவதா கூப்பிட்டிருக்கிறவர் என் அண்ணன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்க டிபார்ட்மென்ட்ல வேற யார் இருக்கா இன்னிக்கு?"

"ரேடியோதான். அவர் இன்னும் வரல."

ரேடியோ என்பது அவளோடு வேலை பார்க்கும் டெக்னீஷியனின் பட்டப்பெயர். அவன் அதே சிறுநீரகத்தின் ஜோடியை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். அங்கே பம்ப் இல்லை. திரவத்தில் மூழ்கவைத்து, பைக்குள் பையாகக் கட்டி, சுற்றிலும் ஐஸைப் போட்டு அனுப்புவதுதான் வழி.

"அவர் திரும்பற வரைக்கும் நீங்கதான் ஓட்டணும். சிஸ்டர் ஒருத்தரைப் பக்கத்துல நிறுத்துறேன். மெஷின் காட்டுற எண்ணை அவங்க படிக்கட்டும், அவங்களே எனக்குச் சொல்லட்டும். நீங்க யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தி, "யாருக்குன்னு முடிவு பண்றது உங்க அறை இல்ல. கெடாம வச்சிருக்கிறதுதான் உங்க வேலை. சரியா?" என்றார்.

"சரி டாக்டர்."

மாடியில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், அண்ணன் ரத்தம் கொடுத்துவிட்டு முழங்கையை மடக்கியபடி வந்து உட்கார்ந்தார். எதிர் வரிசையில் ஓர் இளம்பெண்ணும் அவள் கணவனும் இருந்தார்கள். அவளுடைய இடது கையிலும் ஊசி குத்திக் குத்தி முண்டும் முடிச்சுமாக வீங்கிய நரம்பு. அவள் கையிலும் பஞ்சு. அவள் உதடும் காய்ந்து கிடந்தது.

"அந்தப் பொண்ணுதான் முதல் ஆள் போல" என்றார் அண்ணன் மெதுவாக.

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரொம்ப வாட்டமா இருக்கியேம்மா. காய்ச்சல் எதுவும் இருக்கா?"

"இல்லக்கா. பயம்தான்."

"இருமல்? சளி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா." அந்தப் பெண் சிரித்தாள். "இவ்வளவு தூரம் யாருமே என்கிட்ட விசாரிக்கல. நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?"

அண்ணி எழுந்துகொண்டாள். "வீட்டுக்காரருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

"என்ன டீச்சர், விசாரணை முடிஞ்சுதா?" என்றார் அண்ணன்.

"பேசாம இருங்க." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் என்ன ஜென்மமோ தெரியல" என்றாள்.

அண்ணன் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கீழே அறையில் எண் இறங்க மறுத்தது.

உள்ளே போகும் திரவத்தைச் சிறுநீரகம் எவ்வளவு தூரம் எதிர்க்கிறது என்பதை அந்த எண் காட்டும். முதலில் அதிகமாக இருக்கும். குளிரில் இறுகிய குழாய்கள் மெல்லத் தளரத் தளர இறங்கும். இது காலையில் நன்றாக இறங்கி வந்தது. இப்போது திடீரென்று ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. சிஸ்டர் அதைப் படித்துப் போனில் சொன்னாள். மறுமுனையில் பெரிய டாக்டர் என்ன சொன்னார் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"இப்படியே நின்னா அந்தப் பேஷன்ட்டுக்கு வைக்க யோசிப்பாங்களாம்."

தங்கை புதுக் கையுறை மாட்டிக்கொண்டாள். குழலைப் பார்த்தாள், மடங்கவில்லை. திரவத்தில் காற்றுக் குமிழி இல்லை. வெப்பம் சரியாக இருந்தது. மூடியைத் திறந்து குனிந்தாள். சிறுநீரகம் தொட்டிலில் லேசாகப் புரண்டிருந்தது. அந்தப் புரளலில் ரத்தக்குழாய் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சுற்று முறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் தாங்கி, தூங்குகிற குழந்தையைத் திருப்புவதுபோலப் பழைய நிலைக்குத் திருப்பினாள். அடியில் பஞ்சுத்துணியை மடித்து முட்டுக்கொடுத்து மூடினாள்.

எண் இறங்கத் தொடங்கியது. சிஸ்டர் மறுபடியும் போனை எடுத்தாள்.

அந்த நேரத்தில் தங்கைக்கு அண்ணனின் நினைவு வரவே இல்லை. கையுறையைக் கழற்றும்போதுதான் வந்தது. வராமல் போனதே என்பது அதற்கப்புறம்தான் உறுத்தியது.

ரேடியோ வந்து பொறுப்பேற்றுக்கொண்டதும் அவள் மாடிக்குப் போனாள். அவள் போய்ச் சேர்வதற்குள் முடிவு போய்ச் சேர்ந்திருந்தது. எதிர் வரிசை காலியாக இருந்தது.

"அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார் அண்ணன். "எல்லாம் பொருந்திடுச்சாம். நாங்க வீட்டுக்குப் போகலாமாம்."

"நீதான் அந்த மெஷினைப் பார்த்துக்கிட்டு இருந்தியா?" என்றாள் அண்ணி.

மறைத்திருக்கலாம். "ஆமா அண்ணி."

"நாங்க இங்க உட்கார்ந்திருக்கோம்னு தெரிஞ்சே?"

"தெரிஞ்சேதான்."

"நடுவுல ஏதோ கோளாறு, வேண்டாம்னு சொல்லப் பாத்தாங்கன்னு நர்ஸுங்க பேசிக்கிட்டாங்க. அப்புறம் சரியாயிடுச்சாமே. யார் சரி பண்ணது?"

"நான்தான்."

அண்ணியின் குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அவங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா அடுத்து இவர்தானே."

"கெட்டுப்போன கிட்னியாதான் வந்திருக்கும் அண்ணி. அதை இவருக்கு வைக்க நான் விட்டிருப்பேனா? குப்பையில போயிருக்கும். யாருக்கும் இல்லாம."

"விடு டீச்சர்" என்றார் அண்ணன். "அவ அவ வேலையைப் பார்த்தா. நம்ம ஆளுங்கிறதுக்காக இன்னொருத்தன் பிரேக்கைப் பிடுங்கச் சொல்றியா? பசிக்குது. வாங்க, கேன்டீனுக்குப் போவோம்."

கேன்டீனில் அண்ணன் இரண்டு ரொட்டித் துண்டுகளை வாங்கி, வெண்ணெய் தடவச் சொல்லி, தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். அண்ணி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். தங்கை அவர்களோடு உட்காரலாமா கூடாதா என்று நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

கோஆர்டினேட்டர் அம்மா வாசலிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "மாஸ்டர், சாப்பிட்டுடாதீங்க."

அண்ணன் ரொட்டியைப் பார்த்தார். "இன்னிக்கு எனக்கு ஒரு வேளைச் சோறு எழுதி வைக்கல போல" என்று தட்டைத் தள்ளிவைத்தார்.

நடந்தது இதுதான். ஐஸ் பெட்டியில் போன ஜோடிச் சிறுநீரகத்துக்காக அந்த ஆஸ்பத்திரியில் காத்திருந்தவருக்கு வந்து இறங்கும்போதே காய்ச்சல். அவருக்கு அடுத்தவரின் ரத்தம் அதை எதிர்த்தது. ஆகவே பெட்டி திரும்பி வருகிறது. அண்ணனின் ரத்தமோ இந்தச் சிறுநீரகங்களைத் தந்தவரோடு காலையிலேயே பொருந்திவிட்டது. இப்போது அவர்தான் முதல் ஆள்.

பெரிய டாக்டர் அவர்களை உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். "நல்லதை மட்டும் சொல்லி உங்களைத் தள்ளிவிட மாட்டேன். இது ரொம்ப நேரமா ஐஸ்லயே இருக்கு. பம்ப்ல இருந்தது இல்ல. ரெண்டு ரத்தக்குழாய் வேற, அதுல ஒண்ணு குட்டை. அதை நாங்க ஒட்டிச் சேர்த்துடுவோம். ஆனா வச்ச உடனே வேலை செய்யும்னு சொல்ல முடியாது. விழிக்கக் கொஞ்ச நாள் ஆகலாம், வாரக்கணக்குல ஆகலாம். சிலது விழிக்காமலே போறதும் உண்டு. வந்த உடனே பம்ப்ல போட்டுப் பார்ப்போம். மோசமா இருந்தா நானே வேண்டாம்னுடுவேன். நீங்க வேண்டாம்னாலும் பட்டியல்ல உங்க இடம் அப்படியே இருக்கும்."

அவர் வெளியே போனதும் அண்ணி முதலில் பேசினாள். "வேண்டாங்க."

அண்ணன் ஆச்சரியமாகப் பார்த்தார். "காலையிலிருந்து நீதானே..."

"யாரும் எடுக்காம திரும்பி வர்றது நமக்கு எதுக்கு? வெட்டித் தைச்சு, அதுவும் வேலை செய்யலேன்னா? இத்தனை நாள் பொறுத்தோம். நல்லதா வரட்டும்."

"நம்ம டிரைவிங் ஸ்கூல்ல ஓடுற காரெல்லாம் யாரோ வேண்டாம்னு வித்ததுதான் டீச்சர்."

"இது கார் இல்ல."

"இல்லதான்." அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். தங்கையைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

"நான் சொல்லக் கூடாதுண்ணா. டாக்டர் சொன்னதுதான்."

"ஆஸ்பத்திரிக்காரியா சொல்ல வேண்டாம். தங்கச்சியா சொல்லு."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். "ஐஸ்ல வந்தது எவ்வளவோ பார்த்திருக்கேன். வரும்போது வெளிறிப் போய், கல்லு மாதிரி இருக்கும். பம்ப்ல போட்டதும் சிலது தளர்ந்து குடுக்கும். சிலது கடைசிவரைக்கும் பிடிவாதமா இருக்கும். தளர்ந்து குடுக்கறதை எடுத்துட்டுப் போவாங்க."

"எடுத்துட்டுப் போய்? பொழைச்சவங்க எத்தனை பேர்?"

"தெரியாதுண்ணா. என் அறைக் கதவைத் தாண்டினதுக்கப்புறம் அது என்னாச்சுன்னு எனக்கு யாரும் சொல்றது கிடையாது. நானும் கேட்டது கிடையாது."

அண்ணியும் அண்ணனும் அவளையே பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் இதை அவள் வீட்டில் சொன்னதே இல்லை.

"ஆனா ஒண்ணு" என்றாள் தங்கை. "போன மாசம் டயாலிசிஸ்ல நீ மயங்கி விழுந்த. அதுக்கு முந்தின மாசமும் விழுந்த. நீ அண்ணிகிட்ட அதைச் சொல்லல. நல்லதா வர்ற வரைக்கும் காத்திருக்கலாம்னு சொல்றாங்களே, அவங்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அதனால நான் எடுத்துக்கோன்னுதான் சொல்லுவேன்."

அண்ணி கணவன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு தடவையா?" என்றாள் அண்ணி.

"லேசாதான்" என்றார் அண்ணன்.

"லேசாதானா?" அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். ஒன்றும் எடுக்காமல் மூடினாள். "நாளைக்கு அதைப் பத்தித் தனியா பேசிக்கறேன். இப்ப டாக்டரைக் கூப்பிடுங்க. சரின்னு சொல்லுங்க."

இரண்டாவது பெட்டி வந்தபோது தங்கை அறைக்குள் போகவில்லை. போகக் கூடாது. நடைபாதையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே ரேடியோ ஐஸை ஒதுக்கினான். பையை அவிழ்த்தான், அதற்குள் இருந்த பையை அவிழ்த்தான். பெரிய டாக்டரே பக்கத்தில் நின்று இரண்டு குழாய்களையும் குழலில் பூட்டினார்.

அண்ணி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். "இதுவா? இவ்வளவு சின்னதா இருக்கு."

"எல்லாருக்கும் இவ்வளவுதான் அண்ணி."

"அந்தப் பொட்டியில ஓடுற எண் உனக்குத் தெரியுதா?"

"இங்கிருந்து தெரியல."

தெரிந்திருந்தாலும் அவள் பார்த்திருக்க மாட்டாள். ரேடியோவின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோள் தளர்ந்தால் எண் இறங்குகிறது என்று அர்த்தம். வெகுநேரம் அது விறைப்பாகவே இருந்தது. ஒரு முறை அவன் குனிந்து தொட்டிலைப் பார்த்தான். அவள் விரல்கள் தாமாகவே மடங்கின. பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

பிறகு வெளியே வந்தார். "பிரமாதம்னு சொல்ல மாட்டேன். ஆனா இறங்கியிருக்கு. நான் வைக்கத் தயார். மாஸ்டரை உள்ள கொண்டுபோகச் சொல்றேன்."

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அண்ணன் அண்ணியிடம் செருப்பை எங்கே விட்டேன் என்று கேட்டார். தங்கையிடம் நாளைக்குக் காலையில் இரண்டு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கிறது, போன் பண்ணிச் சொல்லிவிடு என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கதவு மூடியது.

பிற்பகல் முழுவதும் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த இளம்பெண்ணின் கணவன் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, ஆபரேஷன் முடிஞ்சுடுச்சு. மேஜையிலேயே மூத்திரம் வர ஆரம்பிச்சிடுச்சாம். பை நிறைஞ்சு மாத்தியாச்சு. மூணு வருஷத்துல இப்பதான்..." அதற்கு மேல் அவனால் சொல்ல முடியவில்லை.

"ரொம்ப நல்லதுப்பா. போய் அவகூட இரு" என்றாள் அண்ணி. அவன் போன பிறகு திரும்பாமலே கேட்டாள்: "அது நீ சரி பண்ணதுதானே?"

"ஆமா அண்ணி."

தங்கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அறையிலிருந்து போன ஒன்று என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியவந்தது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்படலாமா என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷமாதான் இருக்கு" என்றாள் அண்ணி. "எனக்கே அதிசயமா இருக்கு."

பொழுது சாயும் நேரத்தில் பெரிய டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கியபடி வந்தார். "ரெண்டு குழாயையும் சேர்த்தாச்சு. ரத்தம் விட்டதும் நிறம் வந்துடுச்சு, நல்லா சிவந்துடுச்சு. அவர் நல்லா இருக்கார்." தொப்பியைக் கழற்றினார். "ஆனா மூத்திரம் இன்னும் ஒரு சொட்டுகூட வரல."

"வருமா?" என்றாள் அண்ணி.

"பார்க்கணும்."

கண்ணாடி வழியே அண்ணன் தெரிந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டில் ஓரத்தில் தொங்கிய பை, கடையிலிருந்து வாங்கி வந்த மாதிரி மடிப்புக் கூடக் கலையாமல் தட்டையாக இருந்தது.

டயாலிசிஸ் பிரிவிலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். "நாளை மறுநாள் அவருக்கு வழக்கமான முறை. எதுக்கும் அந்த இடத்தை வச்சிருக்கட்டுமா? இல்ல, வேற யாருக்காவது குடுத்துடலாமா?"

கொடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அண்ணிக்கு ஆசை. உதடுவரை வந்த வார்த்தை தங்கைக்குக் கூடத் தெரிந்தது. ஆனால் அண்ணி திரும்பி அவளைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் காத்திருந்தாள்.

"வச்சிருங்க" என்றாள் தங்கை.

நர்ஸ் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"அவ சொன்னபடியே செய்யுங்க" என்றாள் அண்ணி.